நாலரைக்கு முன் வெளிக்கிட்ட கார்

யாழ்ப்பாணத்தில் இருந்து ஆக்லாந்துக்கு வந்த பிறகும் நான் ராகு காலத்தில் வெளிக்கிடுவதில்லை. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரின் மற்றப் பக்கம், பக்குரங்காவில் ஒரு பிறந்தநாளுக்குப் போக இருந்தோம். நாலரைக்கு ராகு காலம் தொடங்கும்.

“கெதியா வாரும்,” என்று மனைவியை அவசரப்படுத்தினேன்.

“பொறுங்கோப்பா, சேலைக்கு ஊசி குத்திறன்.”

வாசலைத் தாண்டினால் புறப்பட்ட கணக்குத்தானே என்று, நித்திரையாக இருந்த இரண்டு வயது மகளைக் காரில் இருத்தி, காரை ரோட்டில் கொண்டுபோய் விட்டேன். மனைவியைக் கூட்டிவர இறங்கியபோது பழக்கத்தில் கார்க் கதவின் பூட்டை அமுக்கிச் சாத்திவிட்டேன். சாவி உள்ளே இருந்தது. இங்கே மாசியில்தான் கடும் வெயில்.

பிள்ளை எழும்பிக் கத்தினாள். முகம் சிவந்து வேர்த்து ஊற்றியது. கண்ணாடியைக் கையால் குத்தினேன், உடையவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்தான் சுத்தியலோடு ஓடிவந்து உடைத்தார்.

மனைவி பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டு சொன்னார்: “ராகு என்ரை பிள்ளையை ஒண்டும் செய்யேல்லை. நீங்கள்தான் பூட்டினனீங்கள்.”

அந்தச் சிவந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போதும் நேரம் பார்க்கிறேன். நல்ல நேரத்தில் என் செருப்பை மட்டும் வாசலுக்கு வெளியே வைக்கிறேன். பிள்ளை கடைசியாக, தாயின் கையில்தான் வருவாள்.