பட்டிப் பொங்கலும் பத்தொன்பது மான்களும்

மூன்று வாரத்துக்கு முன்பு நான் ஒரு வெடி கொளுத்தினேன்.

அசல் சீனவெடி. சிவப்புத் தாள் சுற்றி, சரமாகக் கட்டி, திரி நீட்டிக்கொண்டு இருக்குமே... அதே சாமான். கனடாவுக்குள் அது எப்படி வந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கொண்டுவந்து தந்தவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். இப்போதும் படித்துக்கொண்டிருப்பார், பாவம்.

அந்த வெடிச் சத்தத்தில் பத்தொன்பது மான்கள் வேலி பாய்ந்தன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மான்கள் என் நண்பர் சிவநேசனுடையவை. ஐந்து வருடத்துக்கு முன்பு அவரும் எங்களைப்போல மல்வேர்னில் குடியிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்தான். மார்க்கம் நகரில் ஒரு ஃபக்டரியில் வேலை. வார விடுமுறையில், பிக்கரிங் நகரைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் வடக்கே போய், ஒரு வயதான வெள்ளைக்காரருடைய மான் பண்ணையில் எடுபிடி வேலை. அந்த மனிதர் தொழிலை விட்டு இளைப்பாறியபோது பண்ணையைச் சிவநேசன் எடுத்துக்கொண்டார். இறைச்சிக்காக மான் வளர்ப்பு!

மல்வேர்ன் என்ன சொல்லியிருக்கும்? "மான் வளக்கப் போறாராம். அடுத்தது யானையோ?" என்று கேட்டோம். நானும் கேட்டேன், மறைப்பானேன்.

இந்த வருடம் பொங்கல் வேலை நாளில் வந்ததால், சனிக்கிழமை தன் பண்ணைக்கு வரச்சொல்லி ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, பட்டிப் பொங்கல் வைக்கிறம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"மாடு வாங்கிட்டீரோ?"

"மாடு இருந்தால்தான் பட்டிப் பொங்கலோ? என்ரை பட்டியிலை நிக்கிறது மான். அதுகளுக்குத்தான்."

எனக்குப் பிடித்துக்கொண்டது. பொங்கல் என்றால் பானை பொங்கிச் சரியும்போது வெடி வேண்டாமா? புறப்படுகையில் வான் வண்டிக் கதவைச் சாத்தும்போது அந்தச் சரத்தை நைஸாக ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தேன். மனைவி கண்டுவிட்டா.

"இஞ்சேருங்கோ, உதென்ன?"

"சும்மா... ஒரு களைக்கு."

களை கட்டியது!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில், கொடும் குளிர். சிவநேசன் முதலில் பட்டியைக் காட்டினார். கழுதை உயரத்தில் செந்நிற மான்கள். கலைமான்கள் ஒரு பக்கம், பெண் மான்கள் இருபத்திரண்டும் இன்னொரு பக்கம். எல்லாம் வயிற்றில் குட்டியோடு.

"ஜூன் மாசம் இதுகள் குட்டி போடும்," என்றார். "அதுதான் எங்கடை விளைச்சல். இதுகளுக்கு ஒண்டெண்டால் பட்டி போச்சு. நான் திரும்பவும் மார்க்கம் ஃபக்டரிதான்."

"வளத்துப்போட்டு வெட்டக் குடுக்க மனசு வருமோ?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்வி.

அவர் கோபிக்கவில்லை. "கடையிலை பொலித்தீன் சுத்தின கோழி வாங்கேக்கை ஆரும் உங்களிட்டை இதைக் கேட்டவையோ? ஒவ்வொரு மானோடையும் இறைச்சிக்கூடம் மட்டும் நான்தான் கூடப் போறனான். அண்டைக்கு வீட்டிலை மச்சம் இல்லை, மரக்கறிதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பத்து வருடம் பத்தி எழுதுகிறேன், இவ்வளவு நேர்மையாக ஒரு வரி எழுதியிருப்பேனா தெரியாது.

அவர் மனைவி பத்மா முற்றத்துப் பனியை வழித்து, மூன்று கல் வைத்து, பானை ஏற்றியிருந்தா. பால் பொங்கி வந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்றார்கள். நானும் வீட்டுப் பின்பக்கம் போய்ச் சரத்தைக் கொளுத்திப் போட்டேன்.

சடசடவென்று... அடடா, அந்த வெட்டவெளியில் அது வெடிச் சத்தமா? இடி.

மானுக்குச் சத்தம் ஆகாது. கதவை அடித்துச் சாத்தினாலே கலங்குமாம். இது எனக்கு யார் சொன்னார்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், கேட்டேனா? வேலி எட்டடி உயரம்தான். ஆனால் ஒரு மூலையில் காற்று பனியைக் குவித்து வைத்திருந்தது, அந்த இடத்தில் நாலடிகூட இல்லை. முதல் மான் பனி மேட்டில் ஏறிப் பாய்ந்தது. பிறகென்ன, ஒன்றன்பின் ஒன்று. மூன்று மட்டும் உள்ளே நின்றன.

நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். வேறு என்ன செய்ய?

"ஓடாதேங்கோ அண்ணை! நில்லுங்கோ!" சிவநேசன் அதட்டினார். "கலைச்சால் அதுகள் விழும்வரைக்கும் ஓடும். வயித்திலை இருக்கிறது போயிடும்."

என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். மனிதர் முகம் மட்டும் பனி நிறத்தில் இருந்தது. நேரம் இரண்டு மணி. ஐந்து மணிக்கு இருட்டிவிடும். தெற்கே ஆறு கிலோமீற்றரில் ஹைவே, பெரிய ரக்குகள் பறக்கிற ரோட்டு. இருட்டுக்குள் மான்கள் அந்தப் பக்கம் போனால் கதை முடிந்தது.

பத்மா உள்ளே போய் ஒரே ஒரு ஃபோன் கோல் எடுத்தா. பக்கத்துப் பால்பண்ணைக்கார பில்லுக்கு. பில் இருவருக்கு எடுத்தாராம், அந்த இருவர் நால்வருக்கு. அரை மணி நேரத்தில் ரோட்டு முழுக்கப் பிக்கப் ரக்குகள்! பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். சேர்ச் ஹோலில் மேசை அடுக்கிக்கொண்டு நின்றவர்கள் அப்படியே வந்திருந்தார்கள். ஒருவராவது "எப்படி நடந்தது?" என்று கேட்கவில்லை. "எங்கே நிற்கவேண்டும்?" என்றுதான் கேட்டார்கள்.

சிவநேசன் இடம் காட்டினார். ரோட்டு ஓரமாக, ஆளுக்கு நூறடி இடைவெளி. கத்தக்கூடாது, கை வீசக்கூடாது, அசையக்கூடாது. வேலியாக நிற்கவேண்டும், அவ்வளவுதான். தெற்கே போகிற வழியை மனிதர்களே அடைத்தார்கள். நானும் என் மனைவியும் ஒவ்வொரு இடத்தில் நின்றோம்.

பிறகு அவர் பட்டி கேற்றை அகலத் திறந்துவிட்டு, வாளி நிறையச் சோளத்தோடு வெளியே போனார். தூரத்து வயலில் நின்ற மான்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வாளியைக் குலுக்கினார்.

"வாங்கோ... வாங்கோ பிள்ளையள்... வாங்கோ."

தினமும் தீன் போடும்போது அப்படித்தான் கூப்பிடுவாராம். எங்கள் ஆட்கள் ஆளை ஆள் கூப்பிடுவதே "டேய்" என்றுதான். இந்த மனிதர் மானுக்கு மரியாதை கொடுக்கிறார்!

எனக்குப் பக்கத்து இடம் பில்லுடையது. அறுபது வயது, வாயில் ஒரு வைக்கோலைக் கடித்துக்கொண்டு மரம்போல நின்றார். ஒரு மணி நேரத்தில் என் கைவிரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்டிருக்க வேண்டும். சத்தமில்லாமல் நடந்து வந்து, தன் கையுறையைக் கழற்றித் தந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெடி கொளுத்தியது நான்தான்," என்றேன். எங்கள் பொங்கல், பானை, எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் வாயிலிருந்த வைக்கோலை மறுபக்கம் தள்ளினார். "கலியாணம் முடித்த வருடம் நான் கேற்றைப் பூட்ட மறந்தேன்," என்றார். "முப்பது மாடும் சேர்ச் விருந்துக்குள் போய்விட்டன. பாதிரியாரின் கேக்கைத் தின்றன. இந்த ரோட்டில் எல்லாரும் ஒருதரம் எதையாவது திறந்துவிட்டிருக்கிறோம்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சிவநேசன் ஒரு அடி எடுத்து வைப்பார். நிற்பார். "வாங்கோ." இன்னொரு அடி. மூத்த மான் ஒன்று காதை ஆட்டியது. பின்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மணி நேரம்! வானம் சிவந்தபோது அவை வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, கேற்றுக்குள் போயின. அவ்வளவு நேரமும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் விட்டுப் போகவில்லை. நான் அழுதுவிட்டேன். குளிர் என்று மனைவியிடம் சொன்னேன், அவ நம்பவில்லை.

பத்மா எண்ணினா. பதினெட்டு.

ஒன்று குறைந்தது. இருட்டிவிட்டது. "விடியப் பாப்பம்," என்றார் சிவநேசன். நாங்கள் வீடு வந்தோம். பொங்கலை அன்று யாரும் வாயில் வைக்கவில்லை. ஞாயிறு, திங்கள்... ஃபோன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் முதலில் பாய்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்மா ஃபோன் எடுத்தா. மூன்று பண்ணை தள்ளி மார்த்தா என்று எழுபது வயதுப் பெண், செம்மறி ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருக்கிறா. கால் ஏலாதவ, சனிக்கிழமை ரோட்டில் நிற்க வரவில்லை. அவவுடைய கொட்டிலுக்குள் ஆடுகளோடு ஆடாக நின்று மான் வைக்கோல் தின்றதாம். கதவை மெல்லச் சாத்திவிட்டு ஃபோன் எடுத்திருக்கிறா. சத்தம் கேட்டுக் கலங்கும் என்று தன் நாயைப் படுக்கையறைக்குள் பூட்டி வைத்தாவாம்!

"பத்தொன்பதும் வந்திட்டுது அண்ணை. குட்டியளுக்கும் ஒண்டுமில்லையாம், மிருக வைத்தியர் பாத்திட்டார்," என்றா பத்மா. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இதோடு முடிந்தது என்று பார்த்தால், போன சனிக்கிழமை திரும்பவும் அழைப்பு. "பங்கு போடுறம். வாங்கோ."

பங்கு இறைச்சி உங்களுக்குத் தெரியும். நாலு வீடு சேர்ந்து ஒரு ஆடு அடித்து, கூறு போட்டு எடுப்பது. சிவநேசன் ஒரு கலைமானை அறுத்துக் கொண்டுவந்து, கொட்டில் மேசையில் துப்பரவான தாள் விரித்து, கூறு வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் சுற்றிவர நின்றார்கள். பில் தொடைத் துண்டு மட்டும் தரலாமா என்று கேட்டார்.

"அது சரிவராது," என்றார் சிவநேசன். "பங்கெண்டால் எல்லாம் எல்லாருக்கும்." தொடை, நெஞ்சு, எலும்பு, ஈரலில் ஒரு துண்டு... எல்லாக் கூறும் ஒரே அளவு. ரோட்டில் நின்றவர்களுக்கும் மார்த்தாவுக்கும். பத்மா ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் போத்தலில் கறித்தூள் வேறு கொடுத்தா. "கொஞ்சமாப் போடுங்கோ," என்று ஆங்கிலத்தில் மூன்று தரம் சொன்னா.

எல்லாரும் எடுத்தபின் ஒரு கூறு மிஞ்சியது.

"உது ஆற்றை பங்கு?" என்று கேட்டேன்.

"உங்கடை."

"எனக்கு வேண்டாம் சிவநேசன். நான் செய்த வேலைக்கு..."

"அண்டைக்கு ரோட்டிலை நிண்ட எல்லாருக்கும் பங்கு," என்றார். "நீங்களும் நிண்டனீங்கள்தானே, அண்ணை?"

வான் வண்டியில் திரும்பி வரும்போது அந்தப் பார்சலை மடியில் வைத்திருந்தேன். ஒரு ஃபோன் கோலுக்குப் பன்னிரண்டு பேர். எனக்கு ஒன்று நடந்தால் யாருக்கு எடுப்பேன்? மல்வேர்னில் எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரே சுவர். அவர்கள் தாளிப்பது எங்களுக்கு மணக்கும். ஆறு வருடம்... அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது!

வீட்டுக்கு வந்ததும் இறைச்சியில் பாதியை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினேன். திறந்தார். பெயர் ரமேஷ். குஜராத்திக்காரர். சட்டிக்குள் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

மனுசன் சுத்த சைவம்!

ஆனாலும் உள்ளே வரச்சொன்னார்... தேத்தண்ணி அருமை.