இரண்டு சைக்கிளோடு காட்டைக் கடந்தவள்

என் மனைவி மலை சைக்கிள் ஓட்டத் தொடங்கியது என்னை வேவு பார்க்கத்தான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எனக்கு ஷிப்ட் வேலை. கிடைக்கிற ஓய்வு நாளிலும் நான் சைக்கிளைக் காரில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறேன் என்று வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அதை நிறுத்திவிட்டுத் தனக்கும் ஒரு சைக்கிள் வாங்கினாள்.

தஞ்சோங் கிளிங்கில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். சேறும் அட்டையும் அவளுக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். ஒரே வருடத்தில் ஏற்றங்களில் என்னை முந்த ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும்தான். டுரியான் துங்கால் ஊரைத் தாண்டி, மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் காட்டைச் சுற்றிவரும் பாதை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் தொடங்கி, எப்போதோ மரம் ஏற்றிய லோரிகள் போன தடத்தில் மலையேறி, மறுபக்கம் இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். உச்சியில் மரங்கள் வானத்தை மூடியிருந்தன. முந்தின நாள் மழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஒரு இருவாசி பறந்தது. அதன் சிறகடிப்பு பழைய ரயில் எஞ்சின் மூச்சுவிடுவதுபோலக் கேட்டது. அவள் நின்று, அந்தச் சத்தம் தேயும்வரை அண்ணாந்து பார்த்தாள்.

இறக்கத்தில்தான் விழுந்தேன். ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கியது. எழுந்து உட்கார்ந்தபோது இடது கையைத் தூக்க முடியவில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஏதோ துருத்திக்கொண்டு நின்றது.

அவள் ஓடி வரவில்லை. தன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்து, முன்னால் குந்தினாள்.

"தலையில அடி பட்டுச்சா?"

"இல்ல."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறுலா. என்ன கேள்வி இது?"

"கோவம் வருது. அப்ப தலை நல்லாத்தான் இருக்கு."

ஹோட்டலில் அறை கிடைக்காமல் சத்தம் போடுகிறவர்களிடம் பேசும் அதே குரல். பையிலிருந்த மாற்று டியூப்பை எடுத்து என் கழுத்தில் மாட்டி, கையை அதில் தொங்கவிட்டாள். போனில் லைன் இல்லை.

"திரும்பிப் போனா மறுபடி மலை ஏறணும். முன்னால எறக்கம்தான். நடப்பீங்களா?"

"நடக்கிறேன். என் சைக்கிள இங்கயே போட்டுடு. அப்புறம் யாரயாச்சும் கூட்டிட்டு வந்து எடுத்துக்கலாம்."

"நீங்க நடங்க."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவாள். திரும்பி வந்து என் சைக்கிளைத் தள்ளுவாள். இரண்டுக்கும் நடுவில் நான் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். நான் ஒரு முறை நடந்த பாதையை அவள் மூன்று முறை நடந்தாள். ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும், "தண்ணி குடிங்க" என்பாள்.

வழியில் குறுக்கிட்ட ஆற்றில் தண்ணீர் தொடை வரைக்கும் ஓடியது. முதலில் ஒரு சைக்கிளைத் தோளில் வைத்துக் கடந்தாள், பிறகு மற்றதை. மூன்றாவதாக எனக்காக வந்து, என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அக்கரை ஏறிய பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. அவளும் பயந்திருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

காடு முடிகிற இடத்தில் ஒரு டுரியான் தோட்டம். அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர், சேறு பூசிய எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். "ரெண்டையும் நீ ஒருத்தியாவா தள்ளிட்டு வந்தே?" என்று மலாயில் கேட்டார். அவள் தலையாட்டினாள். என்னைத் தன் பிக்கப்பில் முன்னால் உட்காரவைத்தார். அவள் பின்னால் சைக்கிள்களோடு உட்கார்ந்துகொண்டாள். நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

காறை எலும்பு உடைந்திருந்தது. எக்ஸ்ரேக்குக் காத்திருக்கையில் கேட்டேன், "ஏன் சைக்கிள விட்டுட்டு வரல?"

"விழுந்ததும் நீங்க கையப் பாக்கல, சைக்கிளத்தான் திரும்பிப் பாத்தீங்க. அத அங்க விட்டிருந்தா இங்க வந்தும் அதயேதான் பேசிட்டு இருந்திருப்பீங்க."

பக்கத்தில் காத்திருந்த யாரோ ஓர் அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது; சிரிக்கத்தான் முடியவில்லை, அவ்வளவு வலி.

எனக்கு எலும்பு கூடுகிறவரை அவள் சும்மா இருக்கவில்லை. ஹோட்டலில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதே பாதைக்குக் கிளம்பினாள். கார் ஓட்டுகிற அளவுக்குக் கை தேறியிருந்ததால் நான் டிரைவர். செம்பனை ஓரத்துக் கடையில் ஒரு கிளாஸ் தேத்தாரே டீயோடு உட்கார்ந்து, தடம் வெளியே வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு மூன்று ஹெல்மெட்டுகள் தெரிந்தன. முதலில் வந்தது அவள். முழங்கால் வரை சேறு, கன்னத்தில் ஒரு கீறல்.

"ரொட்டி சானாய் சொல்லுங்க," என்றாள், சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே. "எனக்கு ரெண்டு."