பட்டாளம் தோற்கக் கூடாதாம்

தென்காசியில் நான் சரித்திரம் நடத்தும் பள்ளியில், ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் நாடகத்தில் ஒரு பாளையக்காரரைத் தூக்கில் போட்டே எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை கதை தேடி அமெரிக்காவுக்குப் போனேன். அங்கே சியூ என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் தங்கம் கிடைத்தது. உங்களுக்குத்தான் என்று அமெரிக்க அரசாங்கம் எழுதிக் கொடுத்த நிலத்தையே பிடுங்கப் பட்டாளம் வந்தது. ஓர் ஆற்றங்கரையில் சியூ வீரர்கள் அந்தப் படையை அடித்து நொறுக்கினார்கள். பிறகு தோற்றார்கள், அது வேறு. அந்த ஒரு நாள் ஜெயித்தார்கள். எனக்கு அது போதும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சிப்பாய் வேஷத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். மிச்சம் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு. சியூ தலைவர் வேஷத்தைச் செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். எந்த விழாவிலும் அவளை ஒரு மரமாகக்கூட மேடையில் நிறுத்தியதில்லை.

"கடைசில நாங்கதான ஜெயிக்கோம் மிஸ்?" என்று தினமும் கேட்பாள்.

"நீங்கதான். நெசமாவே அப்படித்தான் நடந்துச்சு" என்பேன். குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருக்கும் அவள் அம்மா, விழாவன்று கடையை அடைத்துவிட்டு நாடகம் பார்க்க வந்திருந்தார்.

ஒத்திகை பார்த்தது டான்ஸ் டீச்சர், என் சிநேகிதி. நான் என்ன கிறுக்குத்தனம் செய்தாலும் கூட நிற்பவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர். சியூ பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு மேடையில் பாய்ந்தார்கள். ஒத்திகையில் சொத்துச் சொத்தென்று விழுந்த சிப்பாய்கள் ஒருத்தரும் விழவில்லை. ஐந்தருவிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கிகளை நீட்டித் திருப்பிச் சுட்டார்கள். தேசபக்திப் பாட்டு அலறியது. ஒரு சிப்பாய் மூவர்ணக் கொடியோடு ஓடி வந்தான். அமெரிக்கப் பட்டாளத்தின் கையில் நம் கொடி! கூட்டம் கைதட்டியது. சியூ பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். தலைவர் வேஷம் போட்டவள் மட்டும் நின்றாள், ஓரத்தில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டு.

"விழுட்டி! விழு!" என்று என் பக்கத்திலிருந்து கத்தியது என் சிநேகிதி.

திரை விழுந்ததும் சிநேகிதியைப் பிடித்து, ஏன் இப்படி மாற்றினாய் என்று கேட்டேன்.

"மிலிட்டரிக்காரர் முன்னால பட்டாளம் தோத்தா நல்லாவா இருக்கும்? கொடி ஏத்துறதுக்கு முன்னாலயே ஹெச்.எம். மாத்தச் சொல்லிட்டாவ. சிப்பாய்ப் பிள்ளைகள்ட்ட மட்டும் சொன்னேன். உங்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு வருவல்லா."

"அது நம்ம பட்டாளமாட்டி?"

"எந்தப் பட்டாளமா இருந்தா என்ன?"

துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துவிட்டு, விருந்தினருக்குச் சால்வை எடுக்கப் போய்விட்டாள்.

அந்தப் பெண் அழவில்லை. இறகுத் தொப்பியைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. என்கிட்டயும் சொல்லல" என்றேன்.

"கொடி ஏத்துன பொறவு நீங்களும் டான்ஸ் மிஸ்ஸும் ஒரே டப்பாலதான மிஸ் சாப்ட்டிய?"

ஆமாம், சாப்பிட்டோம். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் சிநேகிதி என்னிடம் இன்னொரு இட்லி கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள். இதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தெரியாது, தெரியாது என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சரி மிஸ்" என்றாள். அவள் நம்பவில்லை.