இஸ்திரி அக்காவின் காது

அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான். ஆனால் அறுபது வயது சமையல்காரர் முதல் வாசல் காவலாளி வரை அரண்மனையில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. அப்படி ஒரு கை. அவள் தேய்த்த அங்கியைப் போட்டுக்கொண்டால் தொப்பைக்கார மந்திரிகூட நிமிர்ந்து நடப்பார். சலவைக்கூடத்தின் கடைசி அறை அவளுடையது. போர்வை விரித்த நீள மேசை, கரி போட்ட பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு கிண்ணம், அவ்வளவுதான் அங்கே இருந்தன.

அந்த வேலைக்கு ஒரு ரகசியம் உண்டு. போட்டுக் கழற்றிய துணியின் மேல் சூடான பெட்டி ஓடும்போது, போட்டிருந்தவர் கடைசியாகப் பேசிய பேச்சு ஆவியோடு எழுந்து வரும். தோய்த்தால் அழுக்குதான் போகும், பேச்சு போகாது. பெட்டியைப் பிடித்திருப்பவர் காதில் மட்டும் அது விழும். குரல் தெரியாது. ராணியின் பட்டும் காவலாளியின் பருத்தியும் ஒரே கிசுகிசுப்பில்தான் பேசும். யார் பேச்சு என்று அறிய, கழுத்துப் பட்டையில் உள்ள நூல் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். கேட்டதை வெளியே விடக்கூடாது என்பது தேய்ப்பவர்களின் கட்டுப்பாடு. விட்டால் தலை தப்பாது. சபையில் யார் யாருக்குக் குழி பறிக்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் கல்லுளிமங்கியாகவே இருந்தாள். நல்லவேளை, அதுவரை கேட்டதெல்லாம் பதவிச் சண்டையும் பொறாமையும்தான்.

அவளுக்கு உலகமே தங்கைதான். பெற்றோர் போன பிறகு தூக்கி வளர்த்தது இவள். பதினெட்டு வயதாகும் தங்கைக்கு ராணியிடம் மாலைப் பால் கொண்டுபோகிற வேலை. அவளுக்கும் ஓலை எழுதும் எழுத்தனுக்கும் காதல். இடதுகைக்காரன், சாது. காதலைச் சொல்ல அவன் பதினோரு நாள் தனியாக ஒத்திகை பார்த்தான். பதினோரு நாளும் அவன் சட்டையைத் தேய்த்து, சிரித்துச் சிரித்து இவளுக்கு வயிறு வலித்தது.

அந்தத் திங்கட்கிழமை அவனுடைய கம்பளிக் கோட்டு வந்தது. பெட்டியை வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை பால்ல கலந்துடலாம். பழி அந்தப் பால்காரப் பொண்ணு மேல விழும். அவளுக்கு ஒரு அக்காவைத் தவிர கேக்க யாரு இருக்கா?”

நூல் அடையாளத்தை மூன்று முறை பார்த்தாள். எழுத்தனுடையதேதான். பாவி, அந்த முகத்துக்குள்ளே இப்படி ஒரு விஷமா என்று கொதித்தாள். அன்றே கட்டுப்பாட்டை உடைத்துத் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“இத்தனை நாளா எங்க பேச்சை ஒட்டுக் கேட்டுட்டு இருந்தியா?” தங்கைக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

“அதுவா இப்ப முக்கியம்? உன் தலை போகப் போகுதுடி!”

தங்கை நெடுநேரம் அழுதாள். ஆனாலும் அக்கா பொய் சொன்னதில்லை. மறுநாள் எழுத்தனின் முகத்துக்கு நேரே, இனி என்னைப் பார்க்க வராதே என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வெள்ளி காலையில் எழுத்தன் கோட்டை வாங்க வந்தான். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? நீங்களாவது சொல்லுங்க.”

அவள் கோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் கை நீட்டினான். இடது கை. சட்டையின் மணிக்கட்டில் வழக்கம்போல மைக்கறை.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. அவனுடைய எந்தத் துணியிலும் இடது முழங்கையில்தான் மடிப்பு விழுந்திருக்கும். திங்கட்கிழமை கோட்டில் வலது முழங்கை கசங்கியிருந்தது. மைக்கறை இல்லை. தோள் வேறு இழுபட்டிருந்தது. கை எல்லாவற்றையும் பார்த்தது, பார்த்த கையே தேய்த்து அழித்தும்விட்டது. காது மட்டும் போதும் என்று அவள்தான் நம்பிவிட்டாள்.

“இந்தக் கோட்டை யாருக்காவது குடுத்தீங்களா?”

“தளபதி மழையில நனைஞ்சு வந்தாரு. குளிருதுன்னு குடுத்தேன். மூணு நாள் கழிச்சு நேரா இங்க சலவைக்கே அனுப்பிட்டாரு. ஏன்க்கா?”

தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் வேறொரு பெண் அந்தப் பாலைக் கொண்டுபோவாள். ராணி சாவாள், ஓடிப்போனவள்மேல் பழி இன்னும் வசதியாக விழும். கூடையில் தளபதியின் அழுக்கு அங்கி கிடந்தது. அதையும் கனல் மூடிய பெட்டியையும் எடுத்துக்கொண்டு ராணியின் அறைக்குப் போனாள்.

ராணிக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதுத் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“மகாராணி, நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே ஒரு தடவை இதைத் தேயுங்க.”

“எனக்குத் தேய்க்கத் தெரியாதே.”

“தீஞ்சாலும் பரவாயில்லை.”

தீய்ந்துதான் போனது. அங்கியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஆனால் பெட்டியை ராணி எடுக்கவில்லை. கேட்டதைத் தானே முணுமுணுத்தாள்: “பெரியவ போயிட்டா சின்னதை உக்கார வெச்சுடலாம். குழந்தைதானே, சொன்னதைக் கேக்கும்.” தங்கையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். மாலைக்குள் தளபதி விலங்கோடு நின்றான். விஷக் குப்பி அவன் இடுப்பிலேயே இருந்தது.

ரகசியம் ஊரெல்லாம் பரவிற்று. ராணி அவள் தலையைக் காப்பாற்றினாள், வேலையை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. மறுநாளிலிருந்து ஒரு துணிகூட வரவில்லை. மந்திரிகள் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே தேய்த்தார்கள். தேய்க்கத் தெரியாதவர்கள் அப்படியே உடுத்தினார்கள். அரசவையே வாயில் போட்டு மென்று துப்பியது போல் கசங்கிக் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் துணியும் வரவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

எழுத்தனிடம் தங்கை மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துவிட்டாள். அக்காவோடு மட்டும் பேச்சு இல்லை. வீட்டில் ஒரே பாயில் முதுகு காட்டிப் படுப்பாள். தப்புச் செய்தது தான்தான் என்று இவளுக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்றியதைச் சொல்லி அதை ஈடுகட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மேசைமேல் ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது. தங்கையுடையது. அவள் பெட்டியில் கரி போட்டு, சூடு ஏறும்வரை காத்திருந்தாள்.

“அக்கா, கேக்குதா? உனக்குன்னு சொல்லிட்டுத்தான் இதைக் கழட்டினேன். கோவம் இன்னும் பாதி இருக்கு. இனிமே என் துணியெல்லாம் நீதான் தேய்க்கணும். அவரு கோட்டை மட்டும் நான் தேய்ச்சுக்கறேன்.”

அவள் பெட்டியை ஓரமாக வைத்தாள். இந்த முறை முழங்கை மடிப்பைத் தேய்த்து அழிக்காமல் அப்படியே விட்டு, சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.