பூதத்துக்கு ஒரு பனியன்

வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி ஆபீசில், சாமி படங்களுக்குக் கீழே, கண்ணாடி அலமாரிக்குள் ஒரு இங்கிலீஷ் நாவல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து எனக்கென்று வந்தது. அதில் ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை. வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கதையைத்தான் தினமும் டீ நேரத்தில் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவதைப் பாதியில் விட்டுவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவன் நான். வீட்டுக் கஷ்டம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். இங்கிலீஷ் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயமும் அதில் பாதி. எனக்கு எதைக் கண்டாலும் பயம். கட்டிங் டேபிளில் துணி விரிக்கும்போது, எங்கேயாவது மடிப்பு விழுந்து மொத்தத் துணியும் வீணாகிவிடுமோ என்று கை வியர்க்கும். அந்த வியர்வை துணியில் பட்டுவிடுமே என்று அடுத்த பயம் வரும்.

அப்போதுதான் முதலாளி ஆபீசுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கணக்குப்பிள்ளை சாப்பிடப் போகும் நேரத்தில் அதற்குக் காவல் நான். முன்னால் வைத்திருந்தவர் யாரோ அதில் ஒரு விளையாட்டை விட்டுவைத்திருந்தார். படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. நீ ஒரு குகையில் நிற்கிறாய் என்று அது சொல்லும். என்ன செய்யவேண்டும் என்று நாம் தட்டவேண்டும். ‘கோ நார்த்.’ ‘டேக் லேம்ப்.’ ரெண்டே வார்த்தை. அதற்குமேல் போனால் அதற்குப் புரியாது, எனக்கும் தெரியாது. அது திருப்பிச் சொல்லும் நீளமான பதிலில் டோர், டார்க் என்று ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொண்டு மீதியை நானே ஊகித்துக்கொள்வேன். என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்காதது இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்றிருக்கிறார். நான் தட்டுவதையும் அது பத்தி பத்தியாகப் பதில் போடுவதையும் பார்த்திருக்கிறார். அவர் படித்தது அஞ்சாம் வகுப்பு.

“ஏனுங் தம்பி, உள்ளுக்குள்ள இத்தன வெச்சுக்கிட்டா டேபிள்ல துணி விரிச்சுக்கிட்டு இருக்கறீங்க?” என்றார்.

இது வெறும் விளையாட்டு மொதலாளி என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிங் டேபிளில் இல்லாத ஃபேன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க ஒரு பையர் வந்தார். கூட வரவேண்டிய ஏஜெண்டின் கார் அவினாசியில் பஞ்சராகி நின்றுவிட்டது. “பேசுங்க தம்பி” என்று முதலாளி என்னை முன்னால் தள்ளிவிட்டார். எனக்கு வாயில் வந்தது விளையாட்டின் இங்கிலீஷ்தான். “டேக் சேர்” என்றேன். உட்கார்ந்தார். “டிரிங்க் டீ.” குடித்தார். “கோ நார்த்” என்று தையல் மெஷின்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அந்தத் தாடிக்காரர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் அந்த விளையாட்டு நின்றிருந்த கறுப்புத் திரையைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, ரெண்டே பேச்சுல ஆளைச் சாய்ச்சுப்போட்டாரு!” என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து எனக்கு ஆபீசில் நாற்காலி.

அந்த பையர்தான் சாம்பிள் பார்சலோடு சேர்த்து அந்த நாவலை அனுப்பினார். அட்டையில் கூர்த்தொப்பி போட்ட மந்திரவாதி, கையில் விளக்கு. ஏஜெண்ட் புரட்டிப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்து எழுத்து வெளையாட்டுகள வெச்சு எழுதுன மாயாஜாலக் கதைங்க. பூராவும் கேலி. உங்க ஆளுக்காமா” என்றார். முதலாளி டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, “படிச்சுப்போட்டு எங்களுக்கும் சொல்லுங்க தம்பி” என்றார்.

தெரியாது என்றால் நாற்காலி போய்விடும். அதனால் சொல்ல ஆரம்பித்தேன்.

என் கதையில் ஒருத்தன் குகைக்குள் மாட்டிக்கொண்டான். விளையாட்டில் சுவரில் முட்டினால் ‘அந்தப் பக்கம் போக முடியாது’ என்று வெடுக்கென்று வரும். என் குகை திருப்பூர்க் குகை. “வடக்கால வழி இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லும். முதலாளிக்குச் சிரித்துப் புரையேறியது. விளையாட்டில் இருட்டுக்குள் போனால் ஏதோ ஒன்று நம்மைத் தின்றுவிடும். அதை நான் ஒரு பூதமாக்கினேன். அளவுக்குப் பனியன் கிடைக்காததால் வெட்கப்பட்டு இருட்டிலேயே நிற்கிற பூதம். ஒரு பனியன் தைத்துக் கொடுத்தால்தான் வழி விடும்.

“சைடு தையல் போட்டா தாங்காதுங்க” என்று முதலாளி கவலைப்பட்டார். “துணி மெஷின்ல இருந்து தையலில்லாம குழாயாட்ட வருதல்லங்க, அதை அப்படியே மாட்டிவிட்டுருங்க. கழுத்துக்கு ரிப் பட்டை வையுங்க, இழுத்துக் குடுக்கும்.”

அவர் சொன்னதை மறுநாள் கதையில் சேர்த்துவிடுவேன். “பாத்தீங்களா, வெள்ளைக்காரனும் நம்ம மாதிரிதான் ரோசன பண்ணியிருக்கறான்” என்று அவர் குளிர்ந்துபோவார். நான் சிரிப்பேன்.

கோயம்புத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் லீவுக்கு வந்தபோது அந்த நாவலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது புத்தகத்தைத் திருப்பி வைக்க வந்தது சரியாக டீ நேரம்.

“ஏங் கண்ணு, பூதம் பனியன் கேக்கற எடம் வந்துதா?” என்றார் முதலாளி, ஆசையாக.

“பனியனா? அப்படியெல்லாம் இதுல எதுவும் இல்லீங்கப்பா.” அந்தப் பெண் என்னைப் பார்த்தது. “அண்ணா வேற ஏதோ புக்கு படிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

எனக்குக் காது சுட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “பிஸ்கட் எடுத்துக்குங்க தம்பி” என்றார். ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை. எங்கள் ஊராக இருந்திருந்தால் ஒரு அறையோடு முடிந்திருக்கும்.

யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கட்டிங் டேபிளுக்குத் திரும்பினேன். “என்னல, தொரை கீழ எறங்கிட்டாரு?” என்று ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டான். அந்த ‘ங்க’வுக்கு இது எவ்வளவோ தேவலை.

சில நாள் கழித்து முதலாளி டேபிளுக்கு வந்தார். துணியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். நீவிவிட்டார். அப்புறம் தணிந்த குரலில் கேட்டார்.

“புக்குல இல்லாட்டிப் போச்சாதுங்க. அந்தப் பூதத்துக்குப் பனியன் கெடச்சுதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

குத்திக்காட்டுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே கேட்கிறார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி குனிந்துகொண்டேன்.

“துணி நெறைய விரிக்கக் கெடக்கு மொதலாளி” என்றேன்.

“சரிங்க” என்றார். துணியை இன்னொரு தரம் நீவிவிட்டுப் போய்விட்டார்.

என் தலைக்குள் பனியன் எப்போதோ தைத்தாகிவிட்டது, பூதம் அதைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வரவேண்டியதுதான் பாக்கி. கெடச்சிருச்சு மொதலாளி. ரெண்டே வார்த்தை. அது என் வாயில் வரவில்லை.