தண்ணீர் குடித்த எஞ்சின்

அந்தத் தெருவில் முக்கோணம் என்றால் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு ஒன்று உண்டு. அது வங்கிக்காரருக்கும் முக்கோணத்தின் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அதிலும் மனைவி அதை வாயால் சொல்வதில்லை.

பட்டப்பேர் சும்மா வந்ததில்லை. எல்லார் காரிலும் எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். அபூர்வமாகச் சில கார்களில் அந்தக் குதியாட்டமே இருக்காது. வயிறு புடைத்த முக்கோணம் மாதிரி ஒரு இரும்புத் துண்டு, அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும். ரோட்டரி எஞ்சின் என்பார்கள். அதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, ஒரு திருகு கூட மிச்சம் வைக்காமல் ஓடவிடும் கை அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். அந்தக் கைக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. "பள்ளிக்கூடத்தால என்னைத் தாங்க முடியலை" என்று அவரே சொல்லுவார். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் அவர் ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றாத குறையாக நின்று சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். யாரோ சொல்லி எழுதுவதல்ல இது, தெருவே பார்த்தது.

அப்படிப்பட்டவர் போன வாரம் பெற்ற மகளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டார்.

மகள் கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை வருவதாகவும் நாலு நாள் இருப்பதாகவும் போனில் சொன்னவள், அடுத்த மூச்சில், "அப்பா, நம்ம வண்டி ஓடுதா?" என்றாள்.

"என்ன கேள்வி இது? குதிரை மாதிரி ஓடுது."

"அப்ப நான் வந்ததும் ஒரு முழு நாள் நீங்களும் நானும் வண்டியும் மட்டும். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

போனை வைத்தபின் அவர் ஷெட்டின் கடைசி மூலைக்குப் போய், தார்ப்பாய்க்குள் கிடந்த சிவப்புக் காரைப் பார்த்தபடி நின்றார். குதிரை அசையாமல் கிடந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

யாரோ கைவிட்ட அந்த வண்டியை அப்பனும் மகளுமாக இரண்டு வருஷம் உட்கார்ந்து உயிர் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது பதினேழு. மற்ற பிள்ளைகள் கண்ணாடி முன் நிற்கிற வயதில் இவள் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். வண்டி ஓட ஆரம்பித்ததும் அவள்தான் ஓட்டுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லை தாண்டிப் போய்விட்டு இருட்டுமுன் திரும்புவார்கள். மனைவி மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. "அந்த இரைச்சலுக்கு நான் மிக்ஸி பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்" என்று விடுவாள்.

வண்டி எப்படிக் கெட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

ரோட்டரி எஞ்சினுக்கு ஒரு சட்டம் உண்டு. ஸ்டார்ட் செய்தால் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பி உடனே அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கும். அதையே வழக்கமாக வைத்தால் கரி படியும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய இரும்புப் பட்டை இருக்கிறது, சீல் என்பார்கள். அது கரியில் ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்கு இழுவை போய்விடும். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து இந்தச் சட்டத்தை மூன்று தடவை சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். மறந்தவனைத் திட்டுகிற திட்டில் பக்கத்துக் கடைக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்.

அந்த மனுஷன்தான், மகள் போனபின் ஒவ்வொரு ஞாயிறும் தார்ப்பாயை விலக்கி, உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். அந்தக் காரின் சத்தம் வேறு எந்தக் காருக்கும் வராது. இரண்டு நிமிஷம் கேட்பார். மூன்றாம் நிமிஷம் நெஞ்சு கனத்துவிடும், அணைத்துவிடுவார். ரோட்டுக்கு எடுக்கக் கை வரவில்லை. அவள் இல்லாமல் எங்கே போவது? இப்படியே ஐந்து வருஷத்துக்கு மேல். ஒரு ஞாயிறு சாவியைத் திருப்பினார், எஞ்சின் முனகியதோடு சரி.

பொய் சொன்ன மறுநாளே வேலையில் இறங்கினார். ப்ளக்குகளைக் கழற்றி, தேங்கிய பெட்ரோலை வெளியேற்றி, துளைகள் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, புது பேட்டரியும் வைத்துப் பார்த்தார். ஐந்து நாள் போராட்டம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. ஓடியதே தவிர உடம்பில் பலம் இல்லை. பிரித்துச் சுரண்ட இரண்டு வாரம் வேண்டும், கையில் இருந்தது இரண்டு நாள். மிச்சம் ஒரே வழி, தண்ணீர்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் செத்துவிடும் என்றுதான் ஊரே நினைக்கிறது. தப்பில்லை, மடக்கென்று குடித்தால் சாகும்தான். நன்றாகச் சூடேறி ஓடுகிற எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால், உள்ளே போன நொடியே ஆவியாகிக் கரியை ஊறவைத்துப் பெயர்க்கும். அதற்குக் கை வேண்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இடத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பேட்டரித் தண்ணீர் கேனில் விட்டு, இடது கையால் குழாயை நசுக்கிப் பிடித்தார். வலது கை ஆக்சிலேட்டர் கம்பியில். வேகம் குறைந்தால் எஞ்சின் தண்ணீரோடு நின்றுவிடும். விரல் நழுவினால் மொத்தமாகக் குடித்துவிடும். தாய் பாலாடையில் புகட்டுகிற மாதிரி ஒரு மடக்கு விட்டார், நிறுத்தினார். சத்தம் தடுமாறி நிமிர்ந்தது. இன்னொரு மடக்கு. சைலன்சரில் வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பின்சுவரில் மிளகு தெளித்த மாதிரி கரித்துகள்.

கேன் பாதி இறங்கியபோது மனைவி போனோடு வந்தாள். முகம் சரியில்லை.

"உங்க மகதான். பேசுங்க."

"கை எங்க இருக்கு பாத்தியா? காதுல வை."

அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"அப்பா..." குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை வர முடியலப்பா. லீவ் குடுத்துட்டுக் கடைசி நேரத்துல இல்லன்னுட்டாங்க."

இரண்டு கையையும் எடுக்க முடியாத நிலை. முகத்தைத் துடைக்கக்கூட ஒரு விரல் மிச்சமில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு, சத்தம் நிமிரும்வரை காத்திருந்தார்.

"சரிம்மா."

"அது என்னப்பா சத்தம்? நம்ம வண்டியா?"

"வேற எது?"

அந்தப் பக்கம் அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தடுமாறித் தடுமாறி ஓடுதே. தண்ணி குடுக்கிறீங்களா?"

அவருக்குப் பெருமை பொங்கியது. பெருமைப்படுகிற நேரமா அது?

"குதிரை மாதிரி ஓடுற வண்டிக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள் மகள்.

"கரி பிடிச்சுருச்சு."

"யார் பண்ணின வேலை?"

கேன் காலியாகிக்கொண்டிருந்தது. பொய்யையும் கையில் பிடித்திருக்க அவருக்குத் தெம்பில்லை. "நான்தான். ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல அணைச்சுடுவேன்."

"நீங்களா? எத்தனை நாளா?"

"நீ போனதுலேர்ந்து."

"எதுக்குப்பா?"

"பேட்டரி இறங்கிடக்கூடாதுல்ல."

"பேட்டரியாம்" என்றாள் மனைவி போனுக்குள். "அழுதுட்டு வந்து தூசி விழுந்துச்சும்பாரு. வாராவாரம் அதே கண்ணுல தூசி."

"இதையே ஒருதடவை நான் செஞ்சதுக்கு ஒரு வாரம் எங்கூடப் பேசலை நீங்க" என்றாள் மகள். சிரிக்கப் பார்த்தாள், பாதியில் உடைந்தது. "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்ப்பா."

"முடியுறப்ப வா. அவசரம் இல்லை."

"தண்ணி முடிஞ்சதா?"

"கடைசி மடக்கு."

"அப்ப இழுத்து ஓட்டணுமேப்பா. உடனே அணைச்சா உள்ள துரு பிடிக்கும்னு நீங்கதான சொல்வீங்க. நான் வருவேன்னு பாத்துட்டு நிக்காதீங்க, ரோட்டுக்கு எடுங்க."

குழாயைக் கழற்றினார். எஞ்சின் ஒருமுறை சிலிர்த்து, பழைய குரலில் ஓட ஆரம்பித்தது. நன்றாகச் சூடேறிய அந்தக் குரலை அவர் கடைசியாகக் கேட்டது மகள் ஓட்டியபோது. போனில் அவளும் கேட்டாள். அவள்தான் முதலில் வைத்தாள்.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறினாள்.

"நீ எங்க?"

"ஏன், மகாராணிக்கு மட்டும்தான் இடமா?" என்றவள் அவர் காலைப் பார்த்தாள். "முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்குதே. இப்படி ஒடுங்கிட்டு எப்படி ஓட்டுவீங்க? சீட்டைப் பின்னால தள்ளுங்க."

அது மகள் கால் எட்டுவதற்காக வைத்த அளவு. ஆறு வருஷம், அத்தனை ஞாயிறும், முழங்காலை மடக்கிக்கொண்டுதான் அவர் அதில் உட்கார்ந்திருக்கிறார்.

"தள்ளினா திரும்ப அந்த இடம் வராது" என்றார்.

"வந்தா அவளே சரிபண்ணிக்குவா."

அடியில் கைவிட்டுக் கம்பியை இழுத்தார். துருப்பிடித்து வர மறுத்தது. இன்னொரு இழுப்புக்குச் சீட்டு கிறீச்சென்று ஒரு சாண் பின்னால் போனது. கால் வசமாக நீண்டது.

பெரிய ரோட்டில் ஏறி மிதித்ததும் சைலன்சரிலிருந்து கரும்புகை ஒரு மூட்டையாக அவிழ்ந்து விழுந்தது. கண்ணாடியில் அது கலைகிறவரைக்கும் பார்த்தார். அப்புறம் அடுத்த கியரைப் போட்டார்.