இல்லாத கட்டில்

கோ யிருங் இப்போது கணினி நிரல் எழுதுவதில்லை. தைனான் நகரத்து அந்தச் சின்ன நிறுவனத்தில், வேண்டியதைப் பேச்சுமொழியில் சொன்னால் இயந்திரமே எழுதிவிடும். படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது அவள் வேலை. அதற்கு அவளும் போயெனும் என இரண்டு பேர். அடுத்த ஆண்டிலிருந்து ஒருவர் போதும் என்று மேலாளர் ஜியன் சொல்லியிருந்தார். போயென் இளையவன், வேகமாகப் படிப்பவன்.

சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யும் நிலையம் ஒன்றின் பழைய மென்பொருளைப் புதுப்பித்தபோது இயந்திரம் ஒரு குறிப்பு எழுதியது. கட்டில் எண்களில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒன்று விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடலாமா என்று கேட்டது. பழைய நிரலில் காரணம் ஏதும் இல்லை. அன்றைக்குப் போயென் அவளைவிட நிறைய முடித்திருந்தான். யிருங் சரி என்றாள்.

புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்றே நிலையத்தின் தலைமைச் செவிலி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மென்பொருள் தந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் கட்டிலைத் தேடி அலைந்திருக்கிறார். நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் காதுக்கு ஒன்றாக விழும் ஊரில் அப்படியொரு கட்டிலை யார் போடுவார்கள்? கடைசியில் அவர், "எனக்கு எங்க இடம் போட்டிருக்காங்கன்னு புரிஞ்சிடுச்சும்மா, வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டாராம். மகள் வந்து கெஞ்சிய பிறகே வேறு கட்டிலில் படுத்தார்.

யிருங்குக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து ஐந்துக்குத் தாவும் லிஃப்டில்தான் ஏறி இறங்கி வளர்ந்தாள். தெரிந்த ஒன்றை, இயந்திரம் எழுதிய நேர்த்தியான ஒரு வாக்கியத்தின் முன்னால் தெரியாததாக்கிக்கொண்டாள்.

இயந்திரத்தின் பிழை என்று நிலையத்துக்கு எழுதி அனுப்பிவிடலாம் என்றார் ஜியன்.

"விட்டுடுங்கக்கா," என்றான் போயென். "அதுக்கு என்ன, சம்பளமா வெட்டப்போறாங்க?"

"அது கேட்டுச்சு. நான்தான் சரின்னேன்."

ஜியன் அவள் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொன்னா யாரை வெச்சுக்கிறதுன்னு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்காது. தெரியுதில்ல?"

"தெரியுது சார்."

அன்று மாலை அவள் புதிய விதியைத் தன் பேச்சுமொழியிலேயே எழுதினாள்: நான்காம் கட்டில் கிடையாது, அதில் யாரும் படுக்கமாட்டார்கள், திருத்த வேண்டாம். இயந்திரம் காரணம் கேட்டது. ஓசையைச் சொன்னாள். அப்படியானால் பதினான்கையும் எடுத்துவிடவா என்றது. செவிலியைக் கேட்டுவிட்டு, எடுக்கச் சொன்னாள்.

ஆண்டு முடிவில் போயென்தான் தங்கினான். ஜியன் அநியாயக்காரர் இல்லை. நிறுவனம் விற்றது வேகத்தைத்தான். யிருங்குக்கு வருத்தம் இருந்தது, அடுத்த வேலை கிடைக்குமா என்ற பயமும் இருந்தது. ஆனால் பழியை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், அடுத்த குறிப்புக்கும் யோசிக்காமல் அதே 'சரி'யைத்தான் சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.